“என்ட கை சரியில்ல சேர்” என்று பிள்ளை சொன்னால், முதலில் அயனைப் பாருங்கள்

போன கிழமை மஃரிபுக்குப் பிறகு மட்டக்களப்பு டவுனில் இருந்து ஒரு பறங்கி நண்பர் வீட்டுக்கு வந்தார். முதுகில் கிட்டார் பை. கலியாண வீடுகளில் பைலா வாசிக்கிற மனிதர். “மச்சான், சனிக்கிழமை ஒரு கலியாண வீடு இருக்கு. இது ஒரே இரையுது. கம்பியைத் தொட்டாலும் நிக்குதில்ல. நீதான் பாக்கணும்” என்றார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒரு சுரமும் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கிற வயரிங் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலக்ட்ரிக் கிட்டார் உலகத்தையே மாற்றிய லியோ ஃபெண்டர் என்ற மனிதருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில், 1938இல் ரேடியோ திருத்தும் கடை போட்டு இருந்தவர் அவர்.

(கிட்டார் கூடுமா கூடாதா என்று இன்பொக்ஸில் கேட்க இருப்பவர்களுக்கு: நான் ஆலிம் அல்ல, தொழினுட்பப் பாட ஆசிரியர். நண்பரின் தொழில் நின்றுவிடக் கூடாது என்று ஒரு வயரை ஒட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான். இன்றைய கதை வேறு.)

அன்று வீட்டில் என்னுடைய மாணவன் ஒருவனும் இருந்தான். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை பின்னேரங்களில் வந்து எதையாவது கழற்றிப் பூட்டுகிற பிள்ளை. கிட்டாரின் மூடியைத் திறந்தோம். பழுதைக் கண்டுபிடித்தது அவன்தான். கம்பிகள் கட்டப்பட்டிருக்கிற பிரிட்ஜில் இருந்து வருகிற ஏர்த் வயர், வொலியூம் பொட்டின் முதுகில் இருந்து கழன்று தொங்கியது. அந்த ஒரு வயர் இல்லாவிட்டால், வாசிப்பவர் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது. நண்பர் சொன்ன அறிகுறி அப்படியே பொருந்தியது.

“நீயே ஒட்டு மகன்” என்றேன். சந்தோசமாகத் தன் பையில் இருந்து சொந்த சோல்டரிங் அயனை எடுத்தான். பெருநாள் காசில் வாங்கியதாம்.

பத்து நிமிடம் போராடினான். ஈயம் உருண்டை உருண்டையாகத் திரண்டு விழுந்தது. ஒருமுறை ஒட்டியது போல இருந்தது, வயரை மெல்ல இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வயரின் உறை உருகிச் சுருங்கியது. பொட் தொட முடியாத சூடு. கடைசியில் அயனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

“என்ட கைதான் சேர் சரியில்ல. ஸ்கூல்லயும் இப்பிடித்தான். எனக்கு இது ஒத்து வராது. ஏஎல்லுக்கு வேற ஏதாச்சும் செய்யப்போறன்.”

நான் உள்ளே போய் என்னுடைய அயனைக் கொண்டுவந்து கொடுத்தேன். முனை தட்டையானது, வெப்பநிலை கட்டுப்படுத்தக்கூடியது. பொட்டின் முதுகை அரத்தாளால் கொஞ்சம் உரசச் சொன்னேன். அதே பிள்ளை, அதே கை, அதே பொட், அதே ஈயக்கம்பி. நாலு செக்கனில் ஈயம் தண்ணீர் போலப் பரவிப் பளபளவென்று இறுகியது. இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த அவனுடைய அயனைப் பார்த்தேன். அதை எங்கேயோ கண்ட ஞாபகம். கேட்டேன். “ஸ்கூல்ல இருக்கிற அதே அயன்தான் சேர். ஸ்கூல்ல பாவிக்கிறதெண்டா நல்லதாத்தானே இருக்கும் எண்டு வாங்கினன்” என்றான்.

அந்த அயனைப் பாடசாலைக்குச் சிபாரிசு செய்த கையெழுத்து என்னுடையது.

இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுதான். அயன் வாங்க யோசிக்கிற பெற்றோர், சக ஆசிரியர்கள், கிட்டார் வைத்திருக்கிற தம்பிமார் எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

*வாட் வேறு, வெப்பநிலை வேறு*

அயன் வாங்கப் போனால் கடையில் கேட்கிற முதல் கேள்வி “எத்தனை வாட்?” என்பது. “சின்ன வேலைதானே, 25 வாட் போதும், கூடினால் சாமான் கருகிவிடும்” என்பது எல்லாரும் சொல்கிற பதில். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது பாதி உண்மை. பாதி உண்மை சில வேளை பொய்யைவிட மோசம்.

நோன்புக் கஞ்சிக் கிடாரத்தை நினைத்துப் பாருங்கள். அதைக் குப்பி விளக்கில் வைத்தால் கொதிக்குமா? விளக்குச் சுடர் கையைச் சுடுகிற அளவு சூடுதான். ஆனால் கிடாரம் இழுக்கிற வெப்பத்தை அந்தச் சுடரால் கொடுக்க முடியாது. சுடரின் சூடு வெப்பநிலை. ஒரு செக்கனில் எவ்வளவு வெப்பத்தைக் கொடுக்க முடியும் என்பது வாட்.

கிட்டாரின் உள்ளே இருக்கிற கிடாரம் எது தெரியுமா? பொட்டின் முதுகு. அது உலோக மூடி. ஈயம் அதில் ஒட்ட வேண்டுமானால் ஈயம் மட்டும் உருகினால் போதாது, அந்த மூடியும் ஈயம் உருகும் வெப்பநிலைக்கு மேலே வர வேண்டும். 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த கம்பி 183 பாகை செல்சியஸில் உருகும். மலிவான 25 வாட் அயன் சும்மா தாங்கியில் இருக்கும்போது 400 பாகையைக்கூடத் தாண்டும். ஆனால் ஊசிமுனையைப் பொட்டின் முதுகில் வைத்த உடனேயே மூடி அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடும். முனை குளிர்ந்துபோகும். திரும்பச் சூடேற்ற அதனிடம் சக்தி இல்லை.

ஆக, சும்மா இருக்கும்போது அளவுக்கு மீறிய சூடு, வேலை என்று வந்ததும் குளிர். சூடு மீறுவதால் முனை கறுத்துப் போகிறது. கறுத்த முனையில் ஈயம் பிடிக்காது. ஈயம் பிடிக்காத முனையால் வெப்பத்தைக் கடத்தவும் முடியாது. பிள்ளை என்ன செய்வான்? இன்னும் அழுத்துவான், இன்னும் நேரம் வைப்பான். முப்பது செக்கன், ஒரு நிமிடம். அந்த வெப்பம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிப் பொட்டின் கார்பன் தடத்தைக் கெடுத்துவிடும். “கூடிய வாட் சாமானைக் கருக்கும்” என்று பயந்து வாங்கிய அயன்தான் கடைசியில் சாமானைக் கருக்குகிறது.

நல்ல அயன் சூட்டோடு போய், வேலையை முடித்து, மூன்று நாலு செக்கனில் விலகிவிடும். பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

*அப்படியானால் எதை வாங்குவது?*

கிட்டார் வேலைக்கு என் சிபாரிசு இது.

ஒன்று: 60 வாட் அளவில், வெப்பநிலை கட்டுப்படுத்தக்கூடியது. உள்ளே வெப்ப உணரி இருந்தால், முனை குளிர்ந்த உடனே கூடுதல் சக்தியை அனுப்பும், சூடு வந்ததும் குறைக்கும். கவனம்: மலிவான சில அயன்களில் பாகைகள் எழுதிய சுழற்றி இருக்கும், உணரி இருக்காது. மின்விசிறி ரெகுலேற்றர் போலச் சக்தியைக் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். ஜேக், சுவிட்ச், பொட்டின் கால்கள் போன்ற சின்ன இணைப்புகளுக்கு 320 முதல் 350 பாகை. பொட்டின் முதுகுக்கு 370, 380.

இரண்டு: முனை. வாட்டைவிட முக்கியம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பெட்டியோடு வருகிற ஊசிமுனை பார்க்க நுட்பமாக இருக்கும், ஆனால் வெப்பம் கடத்துகிற பரப்பு அதில் இல்லை. 2.4 அல்லது 3 மில்லிமீற்றர் அளவிலான உளிமுனை ஒன்று எடுங்கள். அதன் தட்டையான பக்கத்தைப் பொட்டில் படுக்க வைத்தால் வெப்பம் பாயும். ஓரத்தைத் திருப்பினால் சின்னக் காலையும் ஒட்டலாம். மாற்று முனைகள் நம்மூரில் கிடைக்கிற அயனாகப் பார்த்து வாங்குங்கள். முனை கிடைக்காத அயன், ரியூப் கிடைக்காத சைக்கிள்.

மூன்று: மூன்று கம்பி உள்ள வயர், ஏர்த் சரியாக இணைக்கப்பட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டு, மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பிளக்கின் ஏர்த் பின்னிலும் மற்றதை அயனின் முனையிலும் வையுங்கள். சில ஓம்களுக்குள் காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் 230 வோல்ட்டில் வேலை செய்கிறார்கள். இது விலையைப் பார்த்து விட்டுக்கொடுக்கிற விடயம் அல்ல.

நாலு: துப்பாக்கி வடிவ அயன் கிட்டாருக்கு வேண்டாம். விசையை அழுத்தினால் செக்கனில் சூடாகும் என்று பெருமையாக விற்பார்கள். ஆனால் அதன் முனை உண்மையில் ஒரு மாற்றியின் துணைச் சுருள். அதில் மிகப் பெரிய மின்னோட்டம் ஓடும், சுற்றிலும் வலுவான ஆடலோட்டக் காந்தப்புலம் உண்டாகும். பிக்கப்பின் உள்ளே இருப்பதோ நிலைக்காந்தம். பலவற்றில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்னிக்கோ. அந்தப் புலத்தை அதன் அருகே கொண்டுபோனால் காந்தம் பலவீனமாகலாம். அயனின் சூட்டுக்குத் தப்புகிற காந்தம் அதன் புலத்துக்குத் தப்பாமல் போகலாம். இதை ஒரு பரீட்சைக் கேள்வியாகவே கொடுக்கலாம்.

ஐந்து: பாரமான தாங்கி ஒன்று, முனை துடைக்கப் பித்தளைச் சுருள் அல்லது ஈரமான ஸ்பொஞ், ஈயம் உறிஞ்சுகிற பம்ப் ஒன்று. வேலை முடிந்து அணைக்கும்போது முனையில் கொஞ்சம் ஈயம் பூசி அணையுங்கள். அரத்தால் மட்டும் ராவாதீர்கள். இந்தக் காலத்து முனைகள் செம்பின் மேல் இரும்புப் பூச்சுப் போட்டவை. பூச்சுப் போனால் முனையே போய்விடும்.

*ஈயக்கம்பியும் புகையும்*

கிட்டாருக்கு நடுவில் ரொசின் உள்ள மெல்லிய கம்பி எடுங்கள். 63/37 அல்லது 60/40. தகரத்துக்கும் குழாய்க்கும் பாவிக்கிற அமிலப் பேஸ்ட் கிட்டப் போகவே கூடாது. மாதங்கள் போகப் போக இணைப்பை அரித்துவிடும்.

ஈயமில்லாத கம்பி சூழலுக்கு நல்லது. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் இருந்து பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு. ஆனால் வெள்ளீயமும் செம்பும் சேர்ந்த அந்தக் கம்பி 227 பாகையில்தான் உருகும். மோசமான அயனோடு அதைப் பிள்ளைக்குக் கொடுத்தால் வெறுப்புத்தான் மிஞ்சும். ஈயமில்லாத கம்பி பாவிப்பதென்றால் நல்ல அயன் இன்னும் அவசியம்.

“புகையில் ஈயம் இருக்கிறதா சேர்?” என்று உம்மாமார் கேட்பார்கள். இந்த வெப்பநிலையில் ஈயம் ஆவியாவதில்லை, அதன் கொதிநிலை 1700 பாகைக்கும் மேல். கண்ணில் படுகிற புகை ரொசினுடையது. ஆனால் அதுவும் சாதாரணம் அல்ல, தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சின்ன மின்விசிறி ஒன்றைப் புகையை வெளியே இழுக்கிற மாதிரி வையுங்கள். ஈயம் உடம்புக்குள் போகிற வழி கைதான். வேலை செய்கிற மேசையில் மிக்சர் பக்கெட் இருக்கக் கூடாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

*“அந்தக் காலத்தில்...” என்பவர்களுக்கு*

இதைச் சொன்னால் மூத்தவர்கள் சிரிப்பார்கள். “எங்கட ஊர்ல ரேடியோ திருத்தின காக்காக்கிட்ட என்ன ஸ்டேஷனா இருந்திச்சு? சாதா அயனாலதானே எல்லாம் ஒட்டினார்.” உண்மை. ஆனால் அந்தக் காக்காவின் அயனை நான் கண்டிருக்கிறேன். விரல் தடிப்பில் செம்பு முனை. அந்தச் செம்புக் கட்டியே ஒரு வெப்பக் களஞ்சியம். பொட்டின் முதுகு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அதோடு அவருக்கு முப்பது வருடக் கை. எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று மணத்தை வைத்தே சொல்வார். மோசமான ஆயுதத்தைச் சமாளிக்க அனுபவம் வேண்டும். அனுபவம் இல்லாத பிள்ளையிடம்தான் நாம் மோசமான ஆயுதத்தைக் கொடுக்கிறோம். மழுங்கிய உளியைக் கையில் கொடுத்துவிட்டு, உனக்கு ஓடாவி வேலை சரிவராது என்கிறோம்.

மறுபக்கம், யூடியூப் பார்த்துவிட்டு ஜப்பான் ஸ்டேஷன்தான் வேண்டும் என்று வாப்பாவைக் கரைச்சல்படுத்துகிற தம்பிமாரும் இருக்கிறார்கள். தேவையில்லை. வருடத்துக்கு நாலு கிட்டார் திறப்பவருக்கு அவ்வளவு வேண்டாம். அதிலும் பெரிய பெயர்களைப் போட்ட போலிகள் சந்தையில் நிறைய. போலிப் பெயருக்குக் கொடுக்கிற காசில், பெயரில்லாத ஆனால் ஏர்த்தும் உணரியும் உள்ள நேர்மையான அயன் ஒன்றை வாங்கலாம். மிச்சக் காசுக்கு இரண்டு உளிமுனையும் நல்ல கம்பியும் வாங்குங்கள்.

*இனி என் கணக்கு*

பாடசாலைக்கு அயன் வாங்கிய அன்று மூன்று விலைமனு வந்தது. நடைமுறைப்படி குறைந்த விலை. நடைமுறையை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. தேவையான தரத்தை எழுதிக் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. “சோல்டரிங் அயன், 25 வாட், 12” என்று ஒரு வரி எழுதினேன். “வெப்பநிலைக் கட்டுப்பாடு, ஏர்த், உளிமுனை” என்று நான் எழுதியிருந்தால் அந்த அயன் உள்ளே வந்திருக்காது. பிள்ளைகள் கூட, அயனும் கூட இருக்கட்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு அயன் மேசையில் வரிசையாக இருப்பது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதே காசுக்கு நாலு நல்லது வந்திருக்கும். மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று என்று முறை வைத்திருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது ஈயம் தண்ணீர் போலப் பரவுவதைக் கண்ணால் கண்டிருக்கும். அந்த ஒரு தடவைதான் பாடம்.

அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன்? சாம்பல் நிறத்தில் உருண்டு நின்ற இணைப்புகளைப் பார்த்து, “குளிர் இணைப்பு” என்று சிவப்பு மையால் எழுதிப் புள்ளி குறைத்தேன். மூன்று வருடம். எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்கத் துணிவு வரவில்லை. அவர்களில் எத்தனை பேர் “என்ட கை சரியில்ல” என்று முடிவெடுத்துக்கொண்டு போனார்கள்?

2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தபோது, கையால் சிந்திக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது என்று சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு மலிவு அயனை நானே குறுக்கே வைத்திருக்கிறேன்.

இந்த வருடத் தேவைப்பட்டியலில் நாலு அயன் மட்டும் கேட்கப் போகிறேன், தரத்தை வரிவரியாக எழுதி. அதிபர் “ஏன் சேர் குறைச்சுக் கேட்கிறீங்க?” என்று கேட்டால் இந்தப் பதிவைக் காட்டுவேன். பழைய பன்னிரண்டையும் எறியப் போவதில்லை. ஒன்றை வகுப்பில் வைத்து, ஏன் இது பொட்டின் முதுகில் தோற்கிறது என்று பிள்ளைகளையே அளந்து பார்க்கச் சொல்லப் போகிறேன். தவறான கருவியும் ஒரு பாடம்தான், அது தவறு என்று சொல்லிக் கொடுத்தால்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒன்றைச் செய்ய முடியாமல் திணறினால், அதே வேலையை அதே கருவியால் நீங்கள் ஒருமுறை செய்து பாருங்கள். நான் மூன்று வருடம் அதைச் செய்யவில்லை. வகுப்பில் செய்து காட்டும்போதெல்லாம் என் சொந்த அயனைத்தான் கொண்டுபோனேன்.

நண்பர் சனிக்கிழமை கலியாண வீட்டில் வாசித்துவிட்டு இரவே வொய்ஸ் அனுப்பியிருந்தார். “துண்டா இரைச்சல் இல்ல மச்சான். அந்தப் பொடியனுக்குச் சொல்லு” என்று. அதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன்.

ஏஎல்லுக்கு என்ன செய்யப் போகிறான் என்று அவன் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நேற்றுப் பின்னேரம் வந்தான். கையில் ஒரு சின்ன உளிமுனை. “சேர், இது என்ட அயனுக்குப் பொருந்துமா?” என்றான். பொருந்தவில்லை. அதனாலென்ன, இரண்டு பேரும் உட்கார்ந்து முனைகளின் அளவுகளைப் பற்றி இஷா வரைக்கும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் பாடசாலையில் என்ன அயன் பாவிக்கிறீர்கள்? எங்கே நல்லது கிடைக்கிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், வாங்க நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.